மூணாவது பாட்டில் ஒரு இருமல்

இப்படி நெருங்கி உட்காருங்க தம்பி. பையை மடியில வச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் எடம் தாராளம். இந்த பஸ் இரைச்சலுக்குக் கத்திப் பேச என்னால ஆகாது. தொண்டை சரியில்ல. நான் சொல்லப் போற கதையே தொண்டைக் கதைதான்.

முதல்ல இந்தப் பாட்டைக் கேளுங்க. பேசாதீங்க. புல்லாங்குழல் வருதா? அது அடங்குதா? இப்ப அந்தப் பொண்ணு பாட வாயெடுக்கும். வாயெடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன எடம் சும்மா கெடக்கும் பாருங்க, அங்க… ஆங்! கேட்டுச்சா?

கேக்கலையா? "க்ஹும்"னு ஒரு இருமல். ஆம்பளை இருமல். டிரைவர் இருமுனார்னு நினைச்சீங்களா? அவர் வெத்தலையைப் போட்டுக்கிட்டு வாயை மூடி உட்கார்ந்திருக்கார். அந்த இருமல் பாட்டுக்குள்ள இருக்கு. அது நான். இருபது வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல, என் கடையில, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து நான் இருமுனது. இந்த டிரைவருக்கு இதை யார் குடுத்தா? குடுத்தவனுக்கு யார் குடுத்தா? எவனுக்கும் தெரியாது. ஒரு பென்டிரைவ்ல ஆயிரம் பாட்டு. அத்தனையும் எவன் வீட்டுலயோ எடுத்தது. எனக்குக் குமட்டும் தம்பி. அடுத்தவன் மென்னு துப்புனதை எடுத்து நம்ம வாயில போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்.

என் பேர் தவசிலிங்கம். ஊர்ல ஆடியோ அண்ணாச்சின்னு சொன்னாத்தான் தெரியும். செண்பகம் ஆடியோஸ்னு கடை. செண்பகம் என் வீட்டுக்காரி. எனக்குப் படிப்பு ஏழாங்கிளாஸ். ஆனா காது இருக்கு பாருங்க, அது ஏழாங்கிளாஸ் இல்ல. கேசட் ஒரு நூல் மெதுவா ஓடினாலும் கண்டுபிடிச்சிருவேன். தெருவுல பாட்டு ஓடினா அது எந்தக் கடையில பதிஞ்சதுன்னு கடைக்குள்ள இருந்தே சொல்லுவேன். ஒவ்வொரு கடை மெசினுக்கும் ஒரு ரீங்காரம் உண்டு. என் மெசின் ரீங்காரம் ஒரு வண்டு தூரத்துல போற மாதிரி. அவ்வளவு மெல்லிசு.

முதல்ல நான் ரிக்கார்டிங் சென்டர்தான் வச்சிருந்தேன். ஆளுங்க வெத்துக் கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டும் கொண்டு வருவாங்க. சீட்டுல பாட்டு எழுதியிருக்கும். நான் பதிஞ்சு குடுப்பேன். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல மூணு மூச்சு விடுவேன். மூணே மூணு. மத்த கடைக்காரன் எல்லாம் ஒரு பாட்டு வாலை இன்னொரு பாட்டு தலையில ஒட்டிருவான். நான் அப்படிச் செய்யறதில்ல. பாட்டைப் பாடினவங்களே என் கேசட்டைக் கேட்டாக்கூட, யாரப்பா இது, நம்ம பாட்டை இவ்வளவு மரியாதையா வச்சிருக்கான்னு சொல்லியிருப்பாங்க. தொழில்னா அப்படி.

அப்புறம் சிடி வந்துச்சு. நான் வாடகைக் கடையா மாத்திட்டேன். ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போகலாம், மறுநாள் கொண்டாந்துரணும். கம்பெனி சிடியை அப்படியே வாடகைக்கு விட முடியுமா? முடியாது. கீறல் விழுந்தா போச்சு. அதனால நான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, ஒரிஜினல்லருந்து ஒண்ணு போட்டு, அந்த ஒண்ணைத்தான் வெளிய விடுவேன். ஒரிஜினலைப் பீரோவுல வச்சுப் பூட்டிருவேன். அது பாதுகாப்பு. சில ஒரிஜினல் பீரோவுல இருக்காது. மதுரையில நமக்கு வேண்டிய கடை ஒண்ணு இருந்துச்சு, அங்க ஒரு நாள் கைமாத்தா வாங்கிட்டு வந்து, ஒண்ணு போட்டுக்கிட்டு, சுத்தமாத் துடைச்சு மறுநாள் பஸ்ல குடுத்து அனுப்பிருவேன். ஒரு விரல் ரேகை இருக்காது. அந்தக் கடைக்காரர் எங்கிட்ட ஒரு தடவை கூட முகம் சுளிச்சதில்ல.

கடையில ஒரு போர்டு மாட்டியிருந்தேன். "வாடகைக்கு எடுத்த சிடியைக் காப்பி எடுப்பது பெற்ற தாய்க்குச் செய்யும் துரோகம்." சிவப்பு எழுத்து. அந்த வாசகமும் மதுரைக் கடையில பாத்து எழுதிக்கிட்டு வந்ததுதான். நல்ல வாசகம் எங்க இருந்தாலும் எடுத்துக்கலாம் தம்பி, அதுல தப்பில்ல.

ஜனங்க சிடியை எப்படித் திருப்பிக் கொண்டாருவாங்கங்கறீங்க! சொன்னா நீங்க மத்தியானம் சாப்பிட மாட்டீங்க. ஒருத்தன் சால்னாக் கையோட எடுத்திருப்பான், மஞ்சளா எண்ணெய் மினுங்கும். ஒரு வீட்டுலருந்து வந்தா தேங்காண்ணெய்யும் பேன் சீப்பு முடியும் ஒட்டியிருக்கும். ஒரு ஆள் சிடியை டம்ளருக்கு மூடியா வச்சிருந்திருக்கான். வட்டமா பால் ஆடை. த்தூ. நான் ஒரு பனியன் துணியைச் சோப்புத் தண்ணியில நனைச்சு வச்சுக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் துடைப்பேன்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவுல ஒரே ஒரு ஆள் சிடி மட்டும் கண்ணாடி மாதிரி வரும். டைப்ரைட்டிங் டீச்சர். பேரு அமலோற்பவம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல மாடியில இன்ஸ்டிடியூட். எங்க ஊருக்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான், அது அவங்களுதுதான். நாப்பது வயசு இருக்கும். கல்யாணம் பண்ணிக்கல. தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு வருவாங்க. ஒரு சிடி. மறுநாள் காலையில எட்டுக்குக் கொண்டாந்துருவாங்க. துடைச்சு, உறையில போட்டு, உறைக்கு மேல ஒரு ரப்பர் பேண்டு.

"அண்ணாச்சி, நாலாவது பாட்டுல வயலின் கொஞ்சம் பிசிறுது. உங்க மெசினா, கம்பெனியா?"

"கம்பெனி டீச்சர்."

"அப்ப சரி. நான் உங்க மெசினோன்னு பயந்துட்டேன்."

இப்படிப் பேசுவாங்க. நான் அவங்களை எவ்வளவு மதிச்சேன் தெரியுமா! செண்பகத்துகிட்ட, "படிச்ச பொம்பளை எப்படி வச்சிருக்கு பாரு"ன்னு சொல்லுவேன். புத்தி இல்ல எனக்கு. சுத்தமாத் திருப்பிக் குடுக்கற ஆளைத்தான் முதல்ல சந்தேகப்படணும். சால்னாக்காரன் பாட்டை மட்டும் கேட்டிருப்பான். துடைச்சுக் குடுக்கறவன் வேற என்னமோ செஞ்சிருக்கான்.

ஒரு வருஷம் கழிச்சு என்னாச்சு? புதுப் படப் பாட்டு ஒண்ணு போடுறேன். முதல் நாள் டீச்சர் எடுத்துட்டுப் போறாங்க. மறுநாள் அந்த சிடியை வேற ஒரு ஆளும் கேக்கல. முந்தியெல்லாம் ஒரு சிடிக்கு வரிசையில பேர் எழுதி வச்சிட்டுப் போவாங்க. இப்ப யாருமே கேக்கல. ஆனா ஊரெல்லாம் அந்தப் பாட்டு ஓடுது! சலூன்ல ஓடுது. பரோட்டாக் கடையில ஓடுது. மினி பஸ்ல ஓடுது. கடைக்குள்ள உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்டேன். வண்டு போற சத்தம். என் மெசின். என் சிடிதான். ஆனா என் சிடி எங்கிட்ட இருக்கு!

யாருன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. டீச்சர் அந்த வருஷம் தை மாசம்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாங்க. பிள்ளைகளுக்குக் கத்துக் குடுக்கன்னு சொன்னாங்க. கத்துக் குடுத்திருக்காங்க பாருங்க! ஆனா வாயால சொன்னா எவன் நம்புவான்? சாட்சி வேணும். அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. பெருமைக்குச் சொல்லல, வேற எந்தக் கடைக்காரனுக்கும் வந்திருக்காது.

ரிக்கார்டிங் சென்டர் காலத்து மிக்சர் ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. இறக்கித் தூசி தட்டினேன். புதுப் படம் ஒண்ணு, ஒரிஜினல் மதுரையிலருந்து கைமாத்தா வந்திருந்துச்சு. மூணாவது பாட்டை ஒரு பக்கம் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். புல்லாங்குழல் முடியுது. அந்தச் சும்மா கெடக்கற எடம் வருது. "க்ஹும்." அவ்வளவுதான். பெரிய இருமல் இல்ல. சபையில பெரியவங்க பேசறதுக்கு முன்னாடி இருமுவாங்கல்ல, அது. பதினோரு தடவை இருமிப் பாத்து, பன்னெண்டாவதுதான் எடத்துல சரியா உட்கார்ந்துச்சு. அதை ஒரே ஒரு சிடியில போட்டேன். அந்த ஒண்ணை டீச்சருக்குன்னு தனியா எடுத்து வச்சேன். மத்தவங்களுக்குப் போட்டதுல இருமல் இல்ல.

சாயங்காலம் அஞ்சரைக்கு வந்தாங்க. குடுத்தேன். மறுநாள் காலையில எட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டுத் திரும்ப வந்துச்சு. "பாட்டு எப்படி டீச்சர்?"னேன். "மூணாவது பாட்டு ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி"ன்னாங்க. சிரிக்கக்கூட இல்ல.

பதினஞ்சு நாள் விட்டேன். அப்புறம் ஒரு காலையில வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஊரைச் சுத்த ஆரம்பிச்சேன். சலூனுக்குப் போய் வேணாத முடியை வெட்டிக்கிட்டேன். "க்ஹும்." பரோட்டாக் கடையில ஒரு டீ. "க்ஹும்." மினி பஸ்ல ஏறி ரெண்டு ஸ்டாப் போனேன். "க்ஹும்." மாதா கோயில் தெருவுல ஒரு வீட்டுல துணி துவைச்சுக்கிட்டே ஒரு பொம்பளை அந்தப் பாட்டோட சேந்து பாடுது. புல்லாங்குழல் முடிஞ்சதும் அதுவும் "க்ஹும்"னு இருமிட்டு அப்புறம் பாடுது! பாட்டுலயே இருக்குன்னு நினைச்சுக்கிட்டு!

என் தொண்டை தம்பி. என் சொந்தத் தொண்டை. என்னைக் கேக்காம ஊர்ல நாலு பேர் வாயில போய் உட்கார்ந்திருக்கு. ச்சை. அன்னைக்கு நான் சோறு திங்கல.

நேரா இன்ஸ்டிடியூட் மாடிக்கு ஏறினேன். காலை வகுப்பு நடக்குது. இருபது மெசின் தடதடதடன்னு அடிக்குது. நான் போய் நடுவுல நின்னு, "நிறுத்துங்க எல்லாரும்!"னேன். ஒரு பிள்ளையும் நிறுத்தல. டீச்சர் ஒரு தட்டு மேசையில தட்டினாங்க, அத்தனையும் நின்னுச்சு.

"என்ன அண்ணாச்சி?"

"எங்கிட்ட எடுத்த சிடியைக் காப்பி எடுத்து ஊருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். மூணாவது பாட்டுல ஒரு இருமல் இருக்கு. அது என் இருமல். உங்களுக்குக் குடுத்த சிடியில மட்டும்தான் போட்டேன். இப்ப ஊரே இருமுது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவங்க முகத்துல ஒரு திடுக்கிடல் வரணுமா இல்லையா? வரல. கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சாங்க.

"அது நீங்களா? நான் முதல் நாளே கேட்டேன். நல்ல இருமல். ஆனா எனக்கு ஒரு சந்தேகம் அண்ணாச்சி. கம்பெனிக்காரன் போட்ட சிடிக்குள்ள நீங்க எப்படிப் போய் இருமுனீங்க?"

முன் வரிசையில ஒரு பிள்ளை கிளுக்குனு சிரிச்சுச்சு. அப்புறம் இருபது பேரும்.

"அது என் சிடி!"ன்னேன்.

"அப்ப பாட்டும் உங்களுதா? நீங்க பாட்டெல்லாம் போடுவீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

படிச்சவங்க பேச்சு பாருங்க. கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல, நம்ம மேலயே ஒரு கேள்வி. நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு எறங்கினேன். "போலீஸ்ல பாத்துக்கறேன்." பின்னாடி தடதடதடன்னு மெசின் திரும்ப ஆரம்பிச்சுருச்சு.

வீட்டுக்கு வந்து செண்பகத்துகிட்ட சொன்னேன். அவ வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தா. நறுக்கறதை நிறுத்திட்டா.

"போலீசுக்கா போறீங்க? ஏங்க, அந்த இருமல் உங்களுதுன்னா, அந்த சிடியைச் செஞ்சது நீங்கன்னு ஆயிராதா?"

"நான்தான் செஞ்சேன். அதுல என்ன?"

"கடையில இருக்கற எழுநூறும் நீங்க செஞ்சதுதானே. போலீஸ்காரன் முதல்ல யாரைப் பிடிப்பான்?"

"ஏ, நான் பண்றது தொழில். அவ பண்றது திருட்டு. வித்தியாசம் தெரியலைன்னா வெண்டைக்காயைப் பாரு"ன்னு சொல்லிட்டு, அந்த சிடியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். பொம்பளைகளுக்கு இதெல்லாம் புரியறதுக்கு நேரம் ஆகும்.

ஸ்டேஷன்ல எஸ்.ஐ. அவசரமா எங்கயோ கெளம்பிக்கிட்டு இருந்தார். நின்ன எடத்துலயே கேட்டார். திருட்டு சிடின்னதும் காது நிமிந்துச்சு. "இதுக்குன்னு தனிப் பிரிவு இருக்கு பெரியவரே, அவங்களுக்கு எழுதிருவோம். வந்து பாப்பாங்க"ன்னுட்டு ஜீப்புல ஏறிட்டார். நான் ஒரு பேப்பர்ல என் கையால எழுதி வச்சிருந்தேன். ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "இது தமிழா அண்ணாச்சி? மேல அனுப்பறதுன்னா டைப் அடிச்சு நாலு பிரதி வேணும். சிடியையும் இதையும் வச்சிட்டுப் போங்க. நான் டைப் அடிக்கக் குடுத்து வாங்கி வைக்கறேன். நாளைக்கு வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்"னார். நல்ல மனுசன். அலைச்சல் மிச்சம்னு சந்தோசமா வந்துட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் செண்பகம் கோயிலுக்குப் போறேன்னு போனா. திரும்பி வர ரொம்ப நேரம். கையில பூவும் இல்ல, நெத்தியில துன்னூறும் இல்ல, முந்தானையில மட்டும் ஏதோ கார்பன் மை. கண்ணு வேற செவந்து கெடந்துச்சு. "என்னடி?"ன்னேன். "தூசி"ன்னா. அவளுக்கு அடிக்கடி தூசி விழும்.

மறுநாள் போனேன். நாலு பிரதி. கார்பன் வச்சு அடிச்சது. எழுத்து முத்து முத்தா இருந்துச்சு, ஒரு அடித்தல் இல்ல. இவ்வளவு சுத்தமா அடிச்சிருக்கானே எவனோன்னு நினைச்சேன். படிச்சுப் பாக்கல. என் கதை எனக்குத் தெரியாதா? நாலுலயும் கையெழுத்துப் போட்டேன். சிடி ஒரு கவர்ல ஒட்டி, அரக்கு வச்சு, "இணைப்பு ஒன்று"ன்னு எழுதியிருந்துச்சு.

பத்து நாள் கழிச்சு ஒரு புதன்கிழமை காலையில ஏட்டு வந்து, "தனிப் பிரிவு ஆபீசர் வந்திருக்கார் அண்ணாச்சி, வாங்க. டீச்சரையும் கூப்பிட்டிருக்கு"ன்னார். நான் சலவை வேட்டி கட்டிக்கிட்டுப் போனேன். நியாயம் கேக்கப் போறோம்ல.

ஸ்டேஷன் வாசல்ல அவங்க ஜீப்பு நின்னுச்சு. பின்னாடி ஒரு ஆள் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். காலடியில நாலு சாக்கு. ஒரு சாக்கு வாய் அவுந்து, உள்ள சிடி வெயில்ல மினுங்குச்சு. மேல இருந்ததுல ஸ்கெட்ச் பேனாவால படப் பேரு எழுதியிருந்துச்சு. நானும் ஸ்கெட்ச் பேனாவாலதான் எழுதுவேன்.

"யாரு இது?"ன்னு ஏட்டைக் கேட்டேன்.

"பக்கத்து ஊரு வாடகைக் கடைக்காரர். வர்ற வழியில தூக்கிட்டு வந்திருக்காங்க. எல்லாம் இவரே போட்டதாம். உள்ள போக வேண்டியதுதான்."

அந்த ஆள் துண்டை விலக்கி என்னைப் பாத்தான். என் வயசுதான் இருக்கும். எனக்கு அவனைப் பாக்கவே பிடிக்கல. திருட்டுப் பய. ஆனா ஏனோ தெரியல தம்பி, என் கை தானா மடியில இருந்த கடைச் சாவியைத் தடவிப் பாத்துச்சு. கடையில எழுநூறு சிடி இருக்கு. பீரோவுல ஒரிஜினல் எத்தனைன்னு எனக்குத் தெரியும். அதை விடுங்க.

உள்ள போனா, ஆபீசர் கறுப்பா ஒல்லியா ஒரு ஆள். பக்கத்துல எஸ்.ஐ. ஓரமா ஒரு நாற்காலியில டீச்சர். நம்மைப் பாத்ததும் எந்திரிச்சு, "வணக்கம் அண்ணாச்சி"ன்னாங்க. என்ன ஒரு நெஞ்சழுத்தம்!

எஸ்.ஐ. திருட்டு சிடின்னு சொல்லி அனுப்பினதை வச்சுத்தான் வந்திருக்கார் போல, ஆபீசர் அப்பத்தான் கவரை உடைச்சார். பிரதியை எடுத்துச் சத்தமாப் படிச்சார்.

"கடந்த ஒரு மாத காலமாக ஊரில் எங்கு பாட்டுக் கேட்டாலும், அதில் யாரோ இருமுவது போல் எனக்குக் கேட்கிறது. சலூனிலும், பரோட்டாக் கடையிலும், பேருந்திலும் கேட்கிறது. மூன்றாவது பாட்டில் மிகவும் கேட்கிறது. இதனால் எனக்கு உணவும் உறக்கமும் இல்லை. தாங்கள் அன்பு கூர்ந்து ஆவன செய்யும்படி…"

நான் அப்படியா எழுதினேன்? நான் எழுதினது வேற! என் இருமல், என் சிடி, திருடினது இன்னார்னு தெளிவா எழுதினேன்! அப்பத்தான் என் மண்டையில அடிச்ச மாதிரி உறைச்சுச்சு. ஊருக்கே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தானே. அவ மேல நான் குடுத்த புகாரை அவகிட்டயே குடுத்து டைப் அடிச்சு வாங்கியிருக்கான் அந்த ஏட்டு. சிடியையும் சேத்துக் குடுத்திருக்கான். முத்து முத்தா நாலு பிரதி.

"போடுய்யா அதை"ன்னார் ஆபீசர். கையோட ஒரு பிளேயர் கொண்டு வந்திருந்தாங்க. சிடியை எடுத்தாங்க. மேல எழுதியிருந்த எழுத்தைப் பாத்தேன். என் கையெழுத்து மாதிரியே இருக்கு. நான் 'ழ'வுக்கு வாலை நீட்டி விடுவேன், அதே வால். ஆனா நான் எழுதல! என் எழுத்தையும் காப்பி அடிச்சிருக்கா தம்பி. ஒரு மனுசன்கிட்ட மிச்சம் என்ன இருக்கு சொல்லுங்க? தொண்டையை எடுத்தாச்சு, கையையும் எடுத்தாச்சு.

மூணாவது பாட்டு ஓடுது. எனக்கு முதுகுல தண்ணி ஓடுது. இருமல் வந்தா அவ மாட்டுவா. வந்தா, இது யாரு இருமுனதுன்னு அடுத்த கேள்வி வரும். வாசல்ல நாலு சாக்கு மினுங்குது. வரணும்னு வேண்டிக்கவா, வரக்கூடாதுன்னு வேண்டிக்கவா? புல்லாங்குழல் வந்துச்சு. அடங்குச்சு. எல்லாரும் தலையைச் சாய்ச்சு முன்னாடி வந்தாங்க.

பொண்ணு பாட ஆரம்பிச்சுருச்சு.

இருமல் இல்ல. சுத்தமா இல்ல. மத்தவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சுச்சு, அந்தச் சும்மா கெடந்த எடம் ஒரு மூச்சு குறைஞ்சிருந்துச்சு. அதை அப்படியே நறுக்கி எடுத்துட்டா. வெண்டைக்காய்க் காம்பு மாதிரி.

ஆபீசர் திரும்பப் போடச் சொன்னார். திரும்பக் கேட்டார். பிளேயரை அமத்திட்டு என்னைப் பாத்தார்.

"எங்கய்யா இருமல்? எதுக்கு நூறு மைல் எங்களை வரவச்சே?" எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "வந்தது வந்தாச்சு. இந்த ஆள் கடையை ஒரு தடவை பாத்துட்டுப் போவோம். சாவியை வாங்குங்க."

மடியில சாவி குத்துது.

அப்ப டீச்சர் எந்திரிச்சாங்க. "சார், ஒரு நிமிசம். நீங்க கேக்கறது அண்ணாச்சிக்குக் கேக்காது."

"ஏன்?"

"காது போயிருச்சு சார். ஒரு வருஷமாவே இல்ல. வெளியில சொல்லிக்கறதில்ல. உள்ளுக்குள்ள ஏதேதோ சத்தம் கேக்குதாம். இருமல் கேக்குதுன்னு ஊர்ல ஒவ்வொரு கடையா ஏறி எறங்குறார். என் இன்ஸ்டிடியூட்டுக்கும் வந்து சத்தம் போட்டார், இருபது பிள்ளைங்க சாட்சி. கடையெல்லாம் அவர் வீட்டம்மாதான் சார் பாக்கறாங்க. இப்பப் பூட்டித்தான் கெடக்கு. பாவம்."

"பாட்டுக்கடைக்காரருக்குக் காது கேக்காதா?"

"அதான் சார், பாவம்."

காது! என் காதைச் சொல்றா! அந்த அறையில நின்னுக்கிட்டே அடுத்த ரூம்ல ஏட்டு பேனா மூடியைத் திறந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வாசல்ல அந்தத் துண்டு போட்ட ஆள் மூக்குறிஞ்சினது கேட்டுச்சு. ஜில்லாவுலயே எனக்கு இணையா ஒரு காது இல்லன்னு நான் சொல்லல, மதுரைக் கடைக்காரரே சொல்லியிருக்கார். அதை ஒரு பொம்பளை, என் கண்ணு முன்னாடி, செவிடுன்னு சொல்லிக்கிட்டு நிக்கறா. எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு.

ஆபீசர் சந்தேகமா என்கிட்ட வந்தார். பின்பக்கமாப் போய் நின்னார். ரொம்ப மெதுவா, வாயைக்கூட சரியாத் திறக்காம, "யோவ் பெரியவரே, உன் வேட்டி அவுந்து கெடக்கு"ன்னார்.

தெளிவாக் கேட்டுச்சு தம்பி. ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. கை தானா இடுப்புக்குப் போகப் பாத்துச்சு. போகவிடல. அப்படியே சுவரைப் பாத்துக்கிட்டு நின்னேன். பயத்துல இல்ல. அந்த மாதிரி ஆளுங்க நடுவுல நம்ம காது நல்ல காதுன்னு நிரூபிச்சு என்ன ஆகப்போகுதுன்னு ஒரு வெறுப்பு. அவ்வளவுதான். நல்லாப் புரிஞ்சுக்கங்க, பயத்துல இல்ல.

ஆபீசர் ரெண்டு நிமிசம் நின்னு பாத்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, "அட, நிசந்தான் போல. அனுப்புங்கய்யா இவரை. நமக்கு நேரம் வீணு"ன்னு தொப்பியை எடுத்தார்.

எனக்கு அதுவும் கேட்டுச்சு. ஆனா கேட்டதாக் காமிக்க முடியாதே! நகர முடியாம நிக்கறேன். அப்ப டீச்சர் மெதுவா எங்கிட்ட வந்தாங்க. கார்பன் மை நாத்தம் அடிக்கற ரெண்டு கையையும் என் வலது காதைச் சுத்திக் குவிச்சாங்க. ஆபீசர் பாக்கறார், எஸ்.ஐ. பாக்கறார், ஏட்டு எட்டிப் பாக்கறான். இருபது டைப் மெசின் ஓடும்போது கடைசி வரிசைக்குக் கேக்கற மாதிரிக் கத்திப் பழகின தொண்டை. மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு, என் காதுக்குள்ள கத்தினாங்க.

"அண்ணாச்சீ! நீங்க வீட்டுக்குப் போகலாமாம்!"